காண்டசாவுக்குப் புது கேஸ்

கார் ஏசியில் கேஸ் தீர்ந்து போவதே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் எரிகிறது, அதனால் தீர்கிறது. ஏசி கேஸ் எரிவதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகி, ஆவியாகி, மறுபடி திரவமாகிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். ஆனாலும் எங்கள் வேலூரில் பங்குனி கடைசியில் பழைய கார்க்காரர்கள் எல்லோரும் ஏசி கடையில் வரிசையாக நிற்கிறார்கள். "கேஸ் அடிச்சிடுங்க" என்கிறார்கள். அடிக்கிறார்கள். ஐப்பசிக்குள் அது போய்விடுகிறது. அடுத்த பங்குனியில் மறுபடி வரிசை.

எங்கள் வீட்டு வண்டி 1992 மாடல் காண்டசா கிளாசிக். இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். அப்பா புதிதாக வாங்கியது. வாங்கிய கையோடு சென்னையில் ஒரு கடையில் ஏசி மாட்டினார். கம்பெனியில் போட்ட ஏசி இல்லை என்பதால் பானெட்டுக்குள் எவ்வளவு கேஸ், என்ன ஆயில் என்று எழுதிய ஸ்டிக்கர் எதுவும் கிடையாது. உள்ளே இருந்த கேஸ் ஆர்-12. அப்பா அதை இன்றும் ஃப்ரியான் என்றுதான் சொல்வார். ஏசி பல வருஷமாக வேலை செய்யவில்லை, நாங்களும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிப் பழகிவிட்டோம். போன வருஷத்திலிருந்து அப்பாவை அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. சின்ன கார்களில் அவரால் காலை மடக்கி ஏற முடியாது. காண்டசாவின் பின் சீட் அவருக்குத் தோதாக இருக்கிறது. வேலூர் சித்திரை வெயிலில் ஆற்காடு சாலை நெரிசலில் அந்த வண்டிக்குள் எழுபத்தெட்டு வயது மனிதரை உட்கார வைப்பது சரியில்லை. ஏசியைச் சரி செய்தே ஆக வேண்டும் என்று இறங்கினேன்.

முதலில் போன கடையில் ஒரு சிலிண்டரைக் காட்டினார்கள். "ஆர்-12 இடத்துல இதை அப்படியே போட்டுடலாம்மா, ஆயில்கூட மாத்த வேணாம்." என்ன கேஸ் என்று கேட்டேன். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அடுப்பு கேஸின் உறவு. அது பழைய மினரல் ஆயிலோடு நன்றாகக் கலக்கும், நன்றாகவே குளிரும், அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்குள். அந்தக் காயிலில் ஓட்டை விழுந்தால் கேஸ் நேராக நாம் உட்காரும் இடத்துக்கு வரும். அங்கேயே பிளோயர் ஸ்விட்ச் இருக்கிறது, ஒயரிங் இருக்கிறது. முப்பது வருஷப் பழைய ஒயரிங். முன்னால் லேசாக ஒரு இடி பட்டாலும் முதலில் கிழிவது, கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்ஸர்தான். எரியாத கேஸுக்காக வடிவமைத்த வண்டியில் எரியும் கேஸை ஏற்றுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னும் சில இடங்களில் வீட்டு ஏசியில் போடும் ஆர்-22ஐக் காருக்கு ஏற்றுவார்கள். அதையும் ஏற்ற விடக்கூடாது. கண்டென்ஸர் 60 டிகிரிக்குச் சூடானால் ஆர்-12க்கு அழுத்தம் 205 பிஎஸ்ஐ சுமாருக்கு இருக்கும். அதே சூட்டில் ஆர்-22 330ஐத் தாண்டும். பழைய ஹோஸ் தாங்காது.

"ஒரிஜினல் ஆர்-12 இருக்கு, வேணுமா" என்று கேட்டவர்களும் உண்டு. ஆர்-12 ஒரு காலத்தில் பெரிய வரமாகத்தான் வந்தது. 1930க்கு முன்னால் ஃப்ரிட்ஜுகளில் அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு என்று கசிந்தால் ஆளையே சாய்க்கும் சரக்குகள் இருந்தன. ஆர்-12 எரியாது, பெரிதாக நெடி கிடையாது, விஷம் இல்லை. 1974ல் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் அதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். கீழே எதோடும் சேராத இந்த கேஸ் மெதுவாக மேலே போய், அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, அதிலுள்ள குளோரின் ஓசோனை அழிக்கிறது. 1987ல் ஓசோனை அழிக்கும் கேஸ்களைக் குறைப்பதற்கான மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியா 1992ல் சேர்ந்தது. எங்கள் காண்டசா பிறந்த அதே வருஷம். நம் நாட்டில் இந்த கேஸைத் தயாரித்த நான்கு கம்பெனிகளில் ஒன்று மேட்டூரில் இருந்தது. 2008 ஆகஸ்ட்டில் ஆஸ்துமா இன்ஹேலருக்கானது தவிர மற்ற உற்பத்தி நின்றது. அதனால் இன்றைக்கு ஒருவர் "ஒரிஜினல் ஆர்-12" என்று நீட்டினால் அந்த சிலிண்டருக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

ஆர்-12 காற்றில் சுமார் நூறு வருஷம் தங்கும். அதாவது 1995ல் எங்கள் வண்டியிலிருந்து கசிந்ததில் பெரும்பகுதி இன்னும் மேலேதான் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. உங்கள் வண்டியில் இன்னும் ஆர்-12 மிச்சம் இருந்தால் தயவுசெய்து வால்வை அழுத்திக் காற்றில் விடச் சொல்லாதீர்கள். இழுத்து சிலிண்டரில் பிடிக்கும் ரெகவரி மெஷின் உள்ள கடையாகப் பாருங்கள். எங்கள் வண்டியில் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

சத்துவாச்சாரி பக்கம் ஒரு பாய் இருக்கிறார். கார் ஏசி வேலை மட்டும்தான் செய்வார். அவர் பானெட்டைத் திறந்ததும் அழுத்தம் பார்க்கும் கேஜை எடுக்கவில்லை, டார்ச்சை எடுத்தார். "கேஸ் போடறது பெரிய விஷயம் இல்லம்மா. எங்க போவுதுன்னு பாக்கணும் மொதல்ல." குழாய் இணைப்பு ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனார். கேஸை அழுத்திச் சுற்ற வைப்பது கம்ப்ரஸர், கேஸோடு அதன் ஆயிலும் சேர்ந்துதான் சுற்றுகிறது. அதனால் கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கொஞ்சம் வெளியே வந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். வண்டி முழுக்கக் காய்ந்த மண் தூசி படிந்திருக்க, ஒரு இடத்தில் மட்டும் கருப்பாகப் பிசுபிசுப்பாக இருந்தால் அங்கேதான் ஓட்டை. எங்களுக்கு அப்படி இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று ஹோஸை அலுமினியக் குழாயோடு நெரித்த இடம். இன்னொன்று கம்ப்ரஸரின் முன்பக்கம், அதை இன்ஜினோடு சேர்க்கும் மேக்னட் கிளட்சுக்குப் பின்னால். அங்கே ஷாஃப்ட் சீல் இருக்கிறது. ஏசியைப் போடாமலே வைத்திருந்தால் அந்த சீலுக்கு ஆயில் போகாது. காய்ந்து சுருங்கி வழி விட்டுவிடும். பழைய வண்டிகளில் பாதிக் கதை இதுதான்.

அப்புறம் பாய் கம்ப்ரஸரைக் கழற்றிக் கவிழ்த்து ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். கஷாயம் போல் பழுப்பாக இருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார், நெருடவில்லை. "இது பொழச்சிக்கும்" என்றார். ஆயில் கருப்பாக, மினுமினுக்கும் உலோகத் தூளோடு வந்திருந்தால் கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் கேஸ் மாற்றுவது வீண். அந்தத் தூள், கூலிங் காயிலுக்குக் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்து, புது கம்ப்ரஸரையும் கெடுக்கும்.

இனி மாற்றும் வேலை. ஆர்-12க்குப் பதிலாகக் கார்களில் வந்தது ஆர்-134ஏ. அதில் குளோரின் இல்லை, அதனால் ஓசோனுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பழைய மினரல் ஆயில் ஆர்-134ஏவோடு கலக்காது. ஆர்-12ல் ஆயில் கரைந்து கேஸோடு போய்ச் சுற்றிவிட்டுக் கம்ப்ரஸருக்கே திரும்பும். ஆர்-134ஏ ஓடினால் அந்த ஆயில் கூலிங் காயிலின் அடியில் தேங்கிவிடும், கம்ப்ரஸர் வறண்டு ஓடி ஒருநாள் சிக்கிக்கொள்ளும். "பழைய ஆர்-12 வண்டிக்கு 134 போட்டேன், ஒரே சீசன்ல கம்ப்ரஸர் போச்சு" என்று சொல்கிறவர்கள் பலருக்கும் நடந்தது இதுதான். பழி கேஸ் மேல் விழுகிறது. நடந்த தப்பு ஆயிலில்.

புது ஆயிலில் இரண்டு வகை: பேக், எஸ்டர். புது வண்டிகளுக்குப் பெரும்பாலும் பேக்தான். ஆனால் ஆர்-12 ஓடிய குழாயில் எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் மினரல் ஆயிலும் குளோரின் மிச்சமும் ஒட்டிக்கொண்டே இருக்கும். பேக்குக்கு அது ஆகாது. எஸ்டர் கொஞ்சம் பொறுத்துப்போகும். பாய் எஸ்டர்தான் வாங்கச் சொன்னார். இரண்டுமே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நான் அச்சகம் நடத்துகிறவள். ஐப்பசி மழையில் ரீம் பேப்பரைப் பிரித்து வைத்தால் மறுநாள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் பாய் ஆயில் டின்னைத் திறந்து, ஊற்றி, உடனே மூடியதைப் பார்த்து மனசுக்குத் திருப்தியாக இருந்தது. எல்லாவற்றையும் கழுவியிருந்ததால் கம்ப்ரஸருக்குச் சொல்லப்பட்ட முழு அளவையும் அளந்து ஊற்றினோம். ஊற்றிய பிறகு கம்ப்ரஸரின் முன் தட்டைக் கையால் சில சுற்று சுற்றினார். ஆயில் சிலிண்டருக்குள் தேங்கியிருந்தால் ஸ்டார்ட் செய்ததும் அடி வாங்கும், அதைத் தவிர்க்கத்தான் இது.

குழாய், கூலிங் காயில் எல்லாவற்றையும் ஃபிளஷ் திரவம் விட்டு, பின்னால் நைட்ரஜன் ஊதிக் காய வைத்தார்கள். இணைப்புகளில் போடும் ஓ-ரிங் எல்லாம் பச்சை நிற எச்என்பிஆர் ரப்பர். டிரையர் புதிது. பழைய டிரையருக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் ஆர்-134ஏவுக்கு ஒத்துவராது, உதிர்ந்து தூளாகிவிடும். புது டிரையரின் மூடியை மற்ற எல்லா இணைப்பும் முடிந்த பிறகு கடைசியாகத்தான் திறக்க வேண்டும். இல்லையென்றால் கடைக் காற்றின் ஈரத்தையே குடித்து நிறைந்துவிடும். ஹோஸ் இரண்டும் உள்ளே நைலான் அடுக்கு உள்ள பேரியர் வகையில் புதிதாகச் செய்தோம். பழைய ரப்பர் ஹோஸ் வழியாக ஆர்-134ஏ மெல்ல மெல்லக் கசியும்.

நான் அதிகம் செலவழித்தது கண்டென்ஸருக்கு. அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை. குளிர்ந்த நிலையில் ஆர்-134ஏவும் ஆர்-12ம் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில்தான் இருக்கும். சூடு ஏற ஏற ஆர்-134ஏ முந்திக்கொண்டு போகும். முன்னே சொன்ன அதே 60 டிகிரியில் அதற்கு 230 பிஎஸ்ஐ. குளிர் நாட்டில் மாற்றுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நமக்குத் தார் ரோட்டுக்கு மேலே காற்றே 45 டிகிரி. பழைய குழாய்-தகடு கண்டென்ஸரால் அந்தச் சூட்டைத் தள்ள முடியாது. சிக்னலில் நிற்கும்போது குளிர்ச்சி போய்விடும், இன்ஜின் டெம்பரேச்சர் ஏறும். காண்டசாவின் முகப்பு அகலம் இங்கே கை கொடுத்தது. சென்னை ஜிபி ரோட்டில் பேரலல் ஃப்ளோ அலுமினிய கண்டென்ஸர் ஒன்று, பொருந்துகிற அளவில் கிடைத்தது. அதன் முன்னால் தனியாக ஒரு எலெக்ட்ரிக் ஃபேன். கம்ப்ரஸர் கிளட்ச் சேர்ந்தால் ஃபேனும் ஓடும்படி ரிலே வைத்துக் கொடுத்தார் ஒரு எலெக்ட்ரீஷியன். அழுத்தம் எல்லை மீறினால் கிளட்சைத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்றையும் டிரையர் மேலேயே மாட்டினோம். பழைய செட்டில் அது இல்லவே இல்லை. இதைச் சேர்க்காமல் யாரும் மாற்ற வேண்டாம்.

சரி, கேஸுக்கு வருவோம். அதற்கு முன் நைட்ரஜனை 150 பிஎஸ்ஐக்கு ஏற்றி, சோப்பு நுரை தடவி, சாப்பாட்டு நேரம் முழுக்க விட்டு வைத்தார். ஊசி நகரவில்லை. சில இடங்களில் பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்றை இதற்குப் பயன்படுத்துவார்கள். அதில் ஈரம் போகும், மிச்ச கேஸோடு அழுத்தத்தில் காற்று சேர்வது ஆபத்தும்கூட. பிறகு வேக்கம். பம்பு காற்றை மட்டும் இழுப்பதில்லை. 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் உள்ளே அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே போக வேண்டும். அந்த அளவுக்கு இறங்கினால் குழாயில் ஒட்டியிருக்கும் ஈரம் தானாகக் கொதித்து ஆவியாகிப் பம்பு வழியே வெளியேறும். பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் காற்று போயிருக்கும், ஈரம் போயிருக்காது. அந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துளையில் உறைந்து அடைக்கும். நல்லாக் குளிர்ந்துகொண்டிருந்த ஏசி திடீரென்று நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வரும். அது இந்த வியாதிதான். பாய் பம்பை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட விட்டார். நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனோம், வந்து பார்த்தபோதும் ஊசி அதே இடத்தில் நின்றது.

கேஸ் டின் விஷயத்தில் ஒன்று. பில் கொடுக்கும் கடையில், சீல் உடையாத டின்னாக வாங்குங்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலிகள் உலகம் முழுக்க வந்திருக்கின்றன. அது அலுமினியத்தோடு வினை புரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறும். 2011ல் கப்பல் குளிர் கன்டெய்னர்களில் இப்படிப்பட்ட கேஸால் வியட்நாமிலும் பிரேசிலிலும் கம்ப்ரஸர் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கார் கம்ப்ரஸரும் அலுமினியம்தான்.

எவ்வளவு ஏற்றுவது? பொதுக் கணக்கு, பழைய ஆர்-12 அளவில் 80 முதல் 90 சதவீதம். எங்களுக்குப் பழைய அளவே தெரியாது. பழைய பழக்கம் டிரையர் தலையிலுள்ள கண்ணாடியைப் பார்ப்பது. குமிழி நின்றால் போதும் என்று நிறுத்துவார்கள். ஆர்-12க்கு அது சரி. ஆர்-134ஏவில், அதுவும் பழைய ஆயில் மிச்சம் உள்ள வண்டியில், அளவு சரியாக இருக்கும்போதே கண்ணாடி பால் போல் கலங்கித் தெரியலாம். தெளியட்டும் தெளியட்டும் என்று ஏற்றிக்கொண்டே போனால் அதிகமாகி, அழுத்தம் எகிறி, குளிர்ச்சி குறையும். நாங்கள் டின்னைத் தராசில் வைத்து, நிமிர்த்திய நிலையில், அழுத்தம் குறைந்த லோ சைடு வழியாக மட்டும் ஏற்றினோம். கவிழ்த்தால் திரவமாகப் போய்க் கம்ப்ரஸர் வால்வை உடைக்கும். இன்ஜின் ஓடும்போது அழுத்தம் மிகுந்த ஹை சைடு குழாயைத் திறந்தால் அழுத்தம் டின்னுக்குள் பாய்ந்து கையிலேயே வெடிக்கும்.

முதலில் அரை கிலோ ஏற்றி நிறுத்தினோம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. நடு வென்ட்டில் தெர்மாமீட்டர், இரண்டு கேஜ், இன்ஜின் 1500 ஆர்பிஎம், வெளியே 37 டிகிரி. ஒவ்வொரு முறையும் ஏற்றிவிட்டு ஊசி நிலைக்கும் வரை காத்திருந்தோம். வென்ட் சூடு இறங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்துக்கு மேல் கேஸ் சேர்த்தும் இறங்கவில்லை, ஹை சைடு மட்டும் ஏறியது. பாய் வால்வை மூடினார். 640 கிராம். லோ 32 பிஎஸ்ஐ, ஹை 235 பிஎஸ்ஐ, வென்ட்டில் 8 டிகிரி. "இதான் உங்க வண்டியோட அளவு, எழுதி வெச்சுக்கம்மா."

எழுதி வைத்தேன். எங்கள் அச்சகத்திலேயே வினைல் ஸ்டிக்கர் அடித்து ரேடியேட்டர் மேலே ஒட்டியிருக்கிறேன்: ஆர்-134ஏ, 640 கிராம், எஸ்டர் ஆயில், மாதம், வருஷம், "ஆர்-12 ஏற்றக்கூடாது". வால்வு முனைகளும் மாறிவிட்டன. பழையது திருகும் வகை, புதியது அழுத்தி மாட்டும் கப்ளர், லோவுக்கும் ஹைக்கும் வேறு வேறு அளவு. அதனால் பழைய கேஜ் மாட்டாது. இருந்தாலும் அடாப்டர் போட்டு எதையாவது ஏற்றுகிற ஆள் எங்காவது இருப்பார், அவர் கண்ணில் படட்டும் என்றுதான் ஸ்டிக்கர்.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடாவிட்டாலும் பூமியைச் சூடாக்குகிறது. ஒரு கிலோ ஆர்-134ஏ சுமார் 1,300 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 2016ல் மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குக் கிகாலியில் செய்த திருத்தத்தின்படி இதையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் இது கிடையாது, அங்கே ஆர்-1234ஒய்எஃப். அது லேசாக எரியக்கூடியது, பழைய வண்டிக்கு வேண்டாம். நம் கையில் இருக்கும் வேலை, ஏற்றிய கேஸ் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது.

அதற்காக மார்கழிக் குளிரிலும் வாரம் ஒருமுறை ஏசியைப் பத்து நிமிஷம் ஓட்டுகிறேன், ஷாஃப்ட் சீல் காயாமல் இருக்க. கண்டென்ஸரில் பூச்சியும் தூசியும் சேர்ந்தால் வீட்டுக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுகிறேன். பிரஷர் வாஷ் அடித்தால் தகடு மடங்கிவிடும். அப்பா இப்போது வென்ட்டைத் தன் பக்கம் திருப்பக் கூடாது என்கிறார், மூட்டு வலிக்கிறதாம். அடுத்த பங்குனியில் பாயிடம் போவேன், கேஸ் அடிக்க அல்ல, கேஜ் மாட்டி அதே எண்கள் இருக்கின்றனவா என்று பார்க்க.